கடுங்குளிரில் கோழி வளர்ப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரவில் மைனஸ் 15 டிகிரி வரை குளிர்கிறது. கூட்டின் இடுக்குகளையெல்லாம் அடைத்த பிறகும் காலையில் உட்சுவரில் பனி படிந்திருக்கிறதே, ஏன்?

அடைத்ததுதான் காரணம். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகுகளைச் சிலிர்த்து அவற்றினிடையே காற்றைத் தேக்கிக்கொள்வதால், நன்கு வளர்ந்த ஆரோக்கியமான கோழி உலர்ந்த குளிரைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கினால், கொண்டையும் தாடியும் ஈரமேறி உறைந்து புண்ணாகும். அமோனியா நெடியும் சேர்ந்து மூச்சுக்குழாயைப் பாதிக்கும். ஆகவே கோழிகள் அமரும் கட்டைக்கு வெகு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் கம்பிவலை பொருத்திய திறப்புகளை விடுங்கள். அமர்ந்திருக்கும் கோழிமீது காற்று நேராக வீசாதபடி கீழ்ப்பகுதியை மட்டும் அடையுங்கள். விடியற்காலையில் கூட்டைத் திறந்ததும், கட்டையின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். தரையில் மரச்சீவலை ஆழ்கூளமாக 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பரப்பி, ஈரமான பகுதியை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும்.

வெப்ப விளக்கு பொருத்தலாமா?

வளர்ந்த கோழிகளுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காய்ந்த கூளமும் தூசியும் நிறைந்த இடத்தில் விளக்கு ஒருமுறை சரிந்து விழுந்தாலே கூடு முழுவதும் தீப்பிடித்துவிடும். மின்சாரம் தடைபட்டாலோ, வெப்பத்துக்குப் பழகிய கோழிகள் திடீரெனக் கடுங்குளிரில் சிக்கித் தவிக்கும். அதைவிட, அமரும் கட்டையின் தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி, சுமார் 9 சென்டிமீட்டர் அகலத்தில் அமைத்தால், கோழி தன் விரல்கள் முழுவதையும் வயிற்று இறகுகளால் மூடிக்கொள்ளும். குஞ்சுகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் தனி ஏற்பாடு தேவை.

தண்ணீர் உறைந்துவிடுகிறது.

தண்ணீர் கிடைக்காத கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும். குளிரிலோ அதற்கு வழக்கத்தைவிட அதிகத் தீவனம் தேவை. கோழிகளுக்கென்றே செய்யப்பட்ட சூடேற்றும் தட்டைப் பாத்திரத்தின் கீழ் வையுங்கள். இயலாதெனில் நாளில் பல முறை வெதுவெதுப்பான நீரை மாற்றுங்கள். பாத்திரத்தைக் கூட்டுக்குள் வைத்தால் ஈரம் கூடும் என்பதால், பனி விழாத மறைவில் வெளியே வைப்பதே நல்லது.

சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. என்ன செய்வது?

தேய்க்காதீர்கள், வெட்டாதீர்கள், அனல் காட்டாதீர்கள். கறுத்த பகுதி அடியிலுள்ள சதைக்குக் காப்பாக இருந்து, நாளடைவில் தானே உதிரும். வீக்கமோ சீழோ கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாஸ்லின் தடவுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கூட்டின் ஈரத்தைப் போக்காவிட்டால் இது திரும்பவும் வரும்.

முட்டை நின்றுவிட்டது. குளிரால்தானா?

பெரும்பாலும் பகல் சுருங்குவதால். முட்டையிடுவதற்கு நாளொன்றுக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் தேவை. செயற்கை ஒளியால் ஈடுகட்டலாம்; ஆனால் இறகு உதிர்த்துப் புதிது வளர்க்கும் கோழிகளுக்கு ஓய்வு கொடுப்பதையே நான் விரும்புவேன்.