கடத்தும் பாலிமரை வைத்து, தானே சூட்டைக் கட்டுப்படுத்தும் 24 வோல்ட் தட்டை ஹீட்டர் செய்தால், தெர்மோஸ்டாட் இல்லாமலே பாதுகாப்பாக இருக்குமா?

ஷீட்டைப் பொறுத்தவரை, சரியாக வடிவமைத்தால் இருக்கும். அந்த ஷீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர், இணைப்பு, செப்புப் பட்டை இவற்றைப் பொறுத்தவரை இருக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதற்குள் நான் நாலைந்து மாதிரிகளை வீணாக்கிவிட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்று. கடத்தும் பாலிமர் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு சரக்குகள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகாவா மூவருக்கும் கிடைத்தது மூலக்கூறே மின்சாரத்தைக் கடத்தும் வகைக்காக. அதிலும் ஹீட்டர் செய்யலாம், ஆனால் ஒரு வெப்பநிலை வந்ததும் தடை சட்டென்று எகிறும் குணம் அதில் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது பாலிஎத்திலீன் போன்ற சாதாரண பிளாஸ்டிக்கில் கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள் கலந்த வகை. பாலிஎத்திலீனில் ஒரு பகுதி படிகமாக இருக்கும், மீதி ஒழுங்கில்லாமல் கிடக்கும். கார்பன் துகள்கள் படிகத்துக்குள் நுழைய முடியாமல் மீதி இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றையொன்று தொட்டபடி சங்கிலியாக நிற்கும், மின்சாரம் அந்தச் சங்கிலி வழியாகத்தான் போகும். சூடேறிப் படிகங்கள் உருகத் தொடங்கினால் பிளாஸ்டிக் உப்பும், துகள்கள் விலகும், சங்கிலி அறும், தடை பல ஆயிரம் மடங்கு கூட ஏறலாம். ஆறினால் மறுபடி சங்கிலி சேரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இது அந்தந்த இடத்தில் தனித்தனியாக நடக்கிறது என்பதுதான். தெர்மோஸ்டாட் தான் ஒட்டியிருக்கும் ஒரு புள்ளியின் சூட்டை மட்டுமே அறியும். ஷீட்டின் வேறொரு மூலையில் தலையணை விழுந்து மூடினால் அதற்குத் தெரியாது, சாதாரண ஹீட்டரில் சூடேறும் நிக்ரோம் கம்பி அங்கே அதே வாட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பாலிமர் ஷீட்டில் அந்த மூலை மட்டும் தானாக அடங்கும்.

ஆகவே வடிவமைப்பை வாட்டில் தொடங்காதீர்கள், பிளாஸ்டிக்கின் உருகுநிலையில் தொடங்குங்கள். அதிக அடர்த்தி பாலிஎத்திலீன் 130 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகும், குழாய் உறையாமல் காக்க அது சரி, மனிதர் படுக்கும் விரிப்புக்கு அது கட்டுப்பாடே இல்லை. தோல் 44 டிகிரியிலேயே சில மணி நேரம் தொடர்ந்து பட்டால் புண்ணாகும் என்பதை 1940-களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். உடம்பைத் தொடும் ஹீட்டர் என்றால் 60 டிகிரியில் உருகும் பாலிகேப்ரோலாக்டோன் போன்ற பிளாஸ்டிக்குகளைப் பார்க்கவேண்டும், அதுவும் 44-க்கு மேல்தான் என்பதால் உருகுநிலையை மட்டும் நம்பிவிடக் கூடாது. எத்திலீனும் வினைல் அசிடேட்டும் சேர்ந்த ஈவிஏ என்ற பிளாஸ்டிக்கில், வினைல் அசிடேட் விகிதம் கூடிய வகை 70 டிகிரியை ஒட்டி உருகும், ஆனால் தடை அதற்கு முன்பே மெதுமெதுவாக ஏறத் தொடங்கும், அது பெரும்பாலும் நல்லதுதான். எதை எடுத்தாலும், முழுதாக மூடிப் போட்ட நிலையில் ஷீட் எந்தச் சூட்டில் போய் நிற்கிறது என்று நீங்களே அளக்கவேண்டும். திறந்து கிடக்கும்போது அளந்த சூடு பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்தது மின்முனைகளின், அதாவது ஷீட்டுக்கு மின்சாரம் தரும் செப்புப் பட்டைகளின் இடைவெளி. இங்கேதான் நான் பெரிதாகச் சறுக்கினேன். கணக்கு எளிது: ஒரு சதுர சென்டிமீட்டருக்கான வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை, ஷீட்டின் சதுரத் தடையாலும் இடைவெளியின் வர்க்கத்தாலும் வகுத்தால் வருவது. சதுரத் தடை என்பது ஷீட்டின் ஒரு சதுரத் துண்டில் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே உள்ள தடை. சதுர மீட்டருக்கு 400 வாட், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.04 வாட் வேண்டும், 24 வோல்ட், இடைவெளி 1 சென்டிமீட்டர் என்றால் சதுரத் தடை 14,400 ஓம். அதே பாலிமர் பூச்சை 12 வோல்ட்டில் ஓட்டி அதே வாட் வேண்டுமென்றால் இடைவெளியைப் பாதியாக்கினால் போதும். செப்புப் பட்டை மிச்சமாகட்டுமே என்று நான் முதல் ஷீட்டில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, தடை குறைந்த பூச்சைப் போட்டேன். கணக்கு ஒத்துப்போனது, ஆனால் சூடு ஷீட் முழுக்கப் பரவவில்லை, இரண்டு பட்டைகளுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் கொதித்தது, இருபுறமும் வெறும் வெதுவெதுப்பு.

காரணம் இதுதான். நடுப்பகுதி விளிம்பைவிடச் சற்று முந்திச் சூடாகிறது, அதனால் அங்கே தடை ஏறுகிறது. மின்சாரம் அந்த இடத்தைக் கடந்துதான் எதிர்ப்பக்கம் போக முடியும் என்பதால், தடை கூடிய அந்தக் கோட்டின் மீதே வோல்ட் முழுவதும் குவிந்து அது இன்னும் சூடாகிறது. நம்மைக் காப்பாற்ற வேண்டிய குணமே திசை தவறினால் சூட்டை ஒரே கோட்டில் குவித்துவிடும். இடைவெளியை ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்து, சீப்புப் பற்களைப் போல மின்முனைகளைக் கோர்த்து, மின்காப்பு படலத்துக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடு வைத்துச் சூட்டைப் பரப்பியதும் எனக்கு அது சரியானது. பாலிமரை இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து மின்சாரத்தை தடிமன் வழியாகவே செலுத்தினால் இந்தக் கோடு வராதே என்று தோன்றும். உண்மைதான், ஆனால் 0.1 மில்லிமீட்டர் படலத்துக்கு 24 வோல்ட்டில் தேவைப்படும் தடைத்திறன் அவ்வளவு அதிகம் என்பதால், கார்பன் அளவு ஒரு சதவீதம் பிசகினாலே கணக்கு எங்கோ போய்விடும், படலத்தில் ஊசித்துளை விழுந்தால் நேராக ஷார்ட்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. உருகுநிலையைத் தாண்டியும் சூடு ஏறினால், உருகிய பிளாஸ்டிக்கில் கார்பன் துகள்கள் நகர்ந்து மறுபடி ஒன்று சேரும், தடை திரும்பக் குறையும், சூடு இன்னும் ஏறும். அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் எலக்ட்ரான் கதிர் பாய்ச்சியோ பெராக்சைடு என்ற ரசாயனம் சேர்த்தோ பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறார்கள். பிணைக்காத ஷீட்டை ஆளில்லாமல் ஓடவிடாதீர்கள்.

சரி, இணைப்புகளுக்கு வருகிறேன். குறைந்த வோல்ட் என்றால் ஷாக் அடிக்காது, அதுவும் மெயின்ஸிலிருந்து (வீட்டு மின்சாரத்திலிருந்து) முறையாகப் பிரிக்கப்பட்ட சப்ளையாக இருந்தால் மட்டும். தீ பிடிக்காது என்று அதற்கு அர்த்தம் இல்லை. 200 வாட் ஷீட்டுக்கு 24 வோல்ட்டில் சுமார் 8.3 ஆம்பியர், 12 வோல்ட்டில் 16.7 ஆம்பியர் போகும். சரியாக கிரிம்ப் செய்யாத, அதாவது வயர் முனையை நன்றாக அழுத்திப் பிணைக்காத ஒரு இணைப்பில் 20 மில்லி ஓம் இருந்தால் முதலாவதில் 1.4 வாட், இரண்டாவதில் 5.6 வாட் அந்த நகக்கண் அளவு இடத்தில் வெளியாகும். பாலிமரின் தற்காப்பு அங்கே எட்டாது. இதனால்தான் நான் 12-ஐ விட்டு 24-க்கு மாறினேன். ஃபியூஸ் கட்டாயம், பேட்டரி என்றால் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும். ஆனால் ஷீட் குளிர்ந்து கிடக்கும்போது தடை குறைவு, ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் மேலே போட்ட கணக்கைவிட அதிக ஆம்பியர் இழுக்கும், அதை அளந்து பார்த்து ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பட்டைக்கு இடது முனையிலும் மற்றதற்கு வலது முனையிலும் வயர் கொடுத்தால் நீளம் முழுக்க வோல்ட் ஓரளவு சமமாகக் கிடைக்கும்.

மின்சாரம் கொடுக்கும் முன் ஒரு சிறு துண்டை நீர் புகாமல் ஒட்டி, வெந்நீரில் போட்டு, ஐந்து டிகிரிக்கு ஒருமுறை மல்டிமீட்டரில் தடையைக் குறித்து வரைபடம் போடுங்கள். அப்புறம் முழு ஷீட்டை நான்காக மடித்த கம்பளியால் மூடி, 10 சதவீதம் கூடுதல் வோல்ட்டில், பக்கத்தில் இருந்தபடி ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். சில நூறு முறை ஆன் ஆஃப் செய்தபின் குளிர் நிலைத் தடையை மறுபடி அளங்கள். அது ஏறிக்கொண்டே போனால் முதலில் பாலிமரைச் சந்தேகிக்காமல் செப்புப் பட்டை பூச்சை விட்டு எழும்புகிறதா என்று பாருங்கள், என் ஷீட்டுகளில் பாதிக்கு மேல் பழுதானது அங்கேதான்.