இன்வாய்ஸில் வாய்ஸ் இல்லை

கேள்வி: பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஆறு மாதமாக ஒரு மொபைல் ஆப்பில் தினம் பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. வேர்ச்சொல் தெரிந்தால் மறக்காது என்று நண்பர் முந்நூறு லத்தீன், கிரேக்க வேர்கள் அடங்கிய பி.டி.எஃப். அனுப்பியிருக்கிறார். படிக்கலாமா? தினமும் டைப் அடிக்கிற ‘டெமரேஜ்’ என்ற சொல்லே எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் இருக்கிறேன். (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: பி.டி.எஃப்பை மூடி வையுங்கள். நண்பர் சொன்ன யோசனை சரிதான், அனுப்பிய சரக்குதான் சரியில்லை. அந்த முந்நூறு வேர்களும் உங்களுக்குப் புதுச் சொற்கள். மறந்துபோன ஆங்கிலப் பட்டியலுக்குப் பதிலாக, மறக்கப்போகிற ஒரு லத்தீன் பட்டியல். வேர்ச்சொல் என்பது சட்டையை மாட்டி வைக்கிற ஆணி மாதிரி. சட்டையே இல்லாமல் சுவர் முழுக்க ஆணி அடித்து என்ன செய்ய?

உங்களிடம் சட்டைக்குப் பஞ்சமில்லை. மேசையில் கிடக்கிற காகிதங்களைப் பாருங்கள். இம்போர்ட், கார்கோ, இன்வாய்ஸ், கஸ்டம்ஸ். அங்கேயே தொடங்கலாம்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். ‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேர்ந்தால் மகரம் திரிந்து ‘மரங்கள்’ ஆகும். இம்போர்ட்டிலும் இதே கதைதான். லத்தீனில் ‘இன்’ என்றால் உள்ளே. ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து செல்வது. பின்னால் ‘ப’ வருகிறது என்று தெரிந்ததும் உதடு முந்திக்கொண்டு மூடுகிறது. ‘ன்’ ‘ம்’ ஆகிறது. திரிதல் விகாரம், அவ்வளவுதான். எக்ஸ்போர்ட் வெளியே சுமப்பது. டிரான்ஸ்போர்ட் இங்கிருந்து அங்கே சுமப்பது. ரிப்போர்ட், போய்ப் பார்த்த சேதியைத் திரும்பச் சுமந்து வருவது. சப்போர்ட், கீழே நின்று தாங்குவது. அதில் ‘சப்’ என்பதன் கடைசி எழுத்தும் இப்படித் திரிந்ததுதான்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஹார்பர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் இம்போர்ட்டில் உள்ள ‘போர்ட்’ துறைமுகம்தான் என்று நினைப்பார். என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் ஷிப்பிங் ஆபீஸ் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். துறைமுகத்துக்கு லத்தீனில் ‘போர்ட்டுஸ்’ என்று தனிச் சொல். ஏர்போர்ட்டில் இருப்பது அது. கடலையே பார்க்காமல் லாரியில் எல்லை தாண்டி வரும் சரக்கும் இம்போர்ட்தானே?

எனக்கு மிகவும் பிடித்தது கார்கோதான். லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. கார் அதிலிருந்து வந்தது. வண்டியில் பாரம் ஏற்றுவதிலிருந்து ஸ்பானிஷ் வழியாகக் கார்கோவும், பிரெஞ்சு வழியாகச் சார்ஜும் வந்தன. ஆக, சார்ஜ் என்றால் ஏற்றுவது. நம் வீடுகளில் ‘போனுக்குச் சார்ஜ் ஏத்துடா’ என்கிறோமே, தெரியாமலே சொல்லின் அடிவேரைத் தொட்டிருக்கிறோம்! சர்வீஸ் சார்ஜ் என்பது பில்லில் ஏற்றிய பாரம். சார்ஜ் ஷீட்? குற்றம் சுமத்துவது. தமிழிலும் அதே சுமைதான். இன்-சார்ஜ் என்றால் பொறுப்பைச் சுமப்பவர். ஏற்றியதை இறக்கினால் டிஸ்சார்ஜ். அதனால்தான் ஆஸ்பத்திரியில் நோயாளியை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள், ஹார்பரில் கப்பலிலிருந்து சரக்கை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். இரண்டு சொல் என்று நினைத்து இரண்டு முறை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இன்வாய்ஸில் ‘வாய்ஸ்’ என்று தெரிவது வெறும் எழுத்து மயக்கம். குரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அனுப்புதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அனுப்பிய சரக்கின் பட்டியல். தூதரைக் குறிக்கும் ‘என்வாய்’ அதன் உறவுக்காரர், அவரும் அனுப்பப்பட்டவர். கஸ்டம்ஸ் இன்னும் வேடிக்கை. கஸ்டம் என்றால் வழக்கம். ராஜாவுக்கோ பிரபுவுக்கோ வழக்கமாகக் கட்டிய தீர்வை கஸ்டம்ஸ் ஆனது. நம்மூர் மாமூலும் அரபியில் ‘வழக்கமானது’ என்றுதான் தொடங்கியது. ஒரே பொருளில் புறப்பட்ட இரண்டு சொற்களில் ஒன்று அரசாங்கப் பெயர்ப்பலகைக்குப் போனது, மற்றது மேசைக்கு அடியில் போனது.

இவ்வளவு சொன்னபின் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிறந்த கதை தெரிந்ததால் பயன்பாடு தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாத’ என்ற சொல்லில் பிறந்து, பழைய ஆங்கிலப் பேச்சில் முட்டாள்தனத்தைக் குறித்து, இன்று ‘இனிய’ என்று நிற்கிறது. நம்மிடம் வந்ததும் ‘நைசாக நழுவினான்’ என்று வேறு வேலைக்குச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு அந்தச் சொல் யார் வாயில் எப்படி வருகிறது என்பதற்குத்தான் முதல் மதிப்பு.

உங்கள் வேலையிலேயே ஒன்று இருக்கிறது, ‘பதில் எழுதுங்கள்’ என்ற பொருளில் மெயிலில் போடுகிற ‘கைண்ட்லி ரிவர்ட்’. திரும்புதல் என்ற லத்தீன் வேரில் ரிவர்ஸ் கியர், மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் வைக்கிற ‘டேக் டைவர்ஷன்’ பலகை, கன்வர்ட் எல்லாம் ஒரே குடும்பம். வேரைப் பார்த்தால் ‘திரும்ப எழுது’ என்று கேட்பது நியாயமாகத்தான் படும். ஆனால் லண்டன்காரருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கே திரும்புவது. நம்மூர் ஆபீஸுக்குள் அது ஓடும்; வெளிநாட்டு ஷிப்பிங் லைனுக்கு எழுதும்போது ‘ரிப்ளை’ என்றே போடுங்கள். வேர் இதைச் சொல்லாது, அகராதியின் உதாரண வாக்கியம் சொல்லும்.

வாட்ஸ்அப்பில் வருகிற ‘ஆங்கிலமே தமிழிலிருந்துதான்’ வகையறாவையும் அப்படியே விழுங்காதீர்கள். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது உண்மை. அதிலும் இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை அடிப்பாகம் கொண்ட படகு, காசிமேட்டில் மரங்களைச் சேர்த்துக் கட்டியது அல்ல. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ சூப் ஆனதும் உண்மை. ‘கேஷ்’தான் சிக்கல். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயம். அந்தக் காசை வெள்ளைக்காரர்கள் போர்த்துகீசியர் வாய் வழியாகக் ‘கேஷ்’ என்று எழுதினார்கள். இன்று நீங்கள் கவுன்டரில் கட்டுகிற கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. ஒரே எழுத்து, ஒரே வேலை, ஆனாலும் தனித்தனிப் பிறப்பு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வரும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒரு வேருக்கு ஒரு பக்கம். ஆபீஸிலோ தெருவிலோ நீங்களே சந்தித்த சொல் மட்டும்தான் அதில் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று கிடைத்தாலும் போதும், கிடைக்காத நாளில் சும்மா இருங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் உங்கள் அன்றைய வேலையிலிருந்தே ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். பொருளை மட்டும் எழுதி வைத்தால் பழைய ஆப் கதைதான். முதலில் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் உதாரண வாக்கியங்களைப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பிறந்த கதைக்குப் போக வேண்டும். அதற்கு எட்டிமான்லைன் என்ற இணைய அகராதி இலவசம். மறுநாள் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்குவதற்குள், பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

இனி உங்கள் டெமரேஜ். லத்தீனில் ‘மோரா’ என்றால் தாமதம். அதிலிருந்து தங்கிவிடுவதைக் குறித்த பிரெஞ்சுச் சொல் வந்தது, அதிலிருந்து டெமரேஜ். கட்டணமில்லாமல் வைத்திருக்க விட்ட நாட்கள் முடிந்தும் கன்டெய்னர் நகராமல் கிடந்தால் கட்டுகிற தாமதக் கட்டணம். இதே ‘மோரா’வை 2020-ல் வீட்டுக்கு வீடு உச்சரித்தோம், கொரோனா நேரத்தில் இ.எம்.ஐ.க்குக் கிடைத்த மொரட்டோரியம். டெமரேஜ் தாமதித்ததற்குக் கட்டும் காசு, மொரட்டோரியம் தாமதிக்கக் கிடைத்த அனுமதி. நோட்டின் முதல் பக்கத்தில் இந்த இரண்டையும் எழுதி, மிச்சத்தைக் காலியாக விடுங்கள். மூன்றாவது சொல்லை நீங்கள் தேடிப் போக வேண்டாம்.