பூஞ்சை பிடித்த பால்கோவாவும் பிரிவு 40-ம்

கேள்வி: கடையில் வாங்கிய அரை கிலோ பால்கோவாவின் அடியில் பச்சையாகப் பூஞ்சை. கேட்டால், "காசை வாங்கிக்கிட்டுப் போங்கம்மா" என்கிறார் கடைக்காரர். நானே பரிசோதனைக்கு அனுப்பி வழக்குப் போட முடியுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அனுப்பலாம், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறதம்மா. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கும்போதே "இதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு யார் இனிப்பு வாங்குகிறார்கள்? கடைத்தெரு பக்கமே போகாத யாரோ எழுதிய நிபந்தனை!

அதனால் உங்கள் பொட்டலம் புகாருக்குத்தான் உதவும். வழக்கு நிற்பது உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையில் எடுக்கும் மாதிரியை வைத்து. அதை நான்காகப் பிரித்து, முத்திரை வைத்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும். 14 நாளில் அறிக்கை வரவேண்டும். நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் கடையில் இருக்கும் மீதி பால்கோவா குப்பைக்குப் போய்விடும். இன்றைக்கே உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் போய்விடுங்கள்.

'பாதுகாப்பற்றது' என்று அறிக்கை வந்தால், யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் 3 மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். வெறும் 'தரம் குறைந்தது' என்றால் சிறை இல்லை, 5 லட்சம் வரை அபராதம் மட்டும்.

காசைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், அதிகாரி நடவடிக்கை எடுக்க அது தடையில்லை. 'புகார் இல்லை' என்று எதிலும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அப்புறம், நஷ்டஈடு வேண்டுமென்றால் அது தனி வழி: நுகர்வோர் ஆணையம். அதற்கு 2 வருடம் அவகாசம் உண்டு. பில் பத்திரம்.