ஷோபின்: தட்டும் வாத்தியம் பாடுமா?

வணக்கம்.

ஷோபின் பற்றிய குறிப்பில் அவரை 'பியானோவைப் பாடவைத்தவர்' என்று எழுதியிருந்தீர்கள். வயலினும் வீணையும் கேட்டு வளர்ந்தவள் நான். பியானோ எனக்குத் தட்டும் வாத்தியமாகத்தான் கேட்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகவே முடியாத ஒன்று எப்படிப் பாடும்? இன்னொன்று, அவரைப் பற்றி எதைப் படித்தாலும் காசநோய், நாடிழந்த சோகம், முறிந்த காதல் என்றே இருக்கிறது. அந்தக் கதை தெரியாதவருக்கு அந்த இசையில் என்ன கிடைக்கும்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் முதல் கேள்விக்கு விடை தேடித்தான் போலந்து இசையமைப்பாளர் ஷோபின் வாழ்நாள் முழுக்க எழுதினார் என்பேன். பியானோவில் கட்டையை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு சுத்தியல் தந்தியில் மோதிவிட்டு விலகுகிறது. அந்த நொடியிலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். வில்லைப்போல் இழுத்து அதை வளர்க்க வழியில்லை, வீணைத் தந்தியைப்போல் இழுத்து வளைக்கவும் முடியாது. ஷோபின் இந்தக் குறையோடே குடித்தனம் நடத்தியவர். ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம், எழுது என்று அவருடைய ஆசிரியர் எல்ஸ்னர் வற்புறுத்தியும் எழுதவில்லை. பியானோ இல்லாத படைப்பென்று அவரிடம் அநேகமாக எதுவுமே இல்லை.

பாரிஸில் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் அவர் பிழைத்தார். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். பொது மேடையில் வாசித்தது வாழ்நாளிலேயே ஏறத்தாழ 30 தடவைதான். ஆகவே அவரைத் தெரிந்துகொள்ள மாணவர்கள் எழுதிவைத்ததைத்தான் படிக்க வேண்டும். இத்தாலியப் பாடகர்களைப் போய்க் கேளுங்கள், முடிந்தால் பாட்டும் கற்றுக்கொள்ளுங்கள் என்பாராம்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். வலது கைக் கட்டைவிரலை ஈ என்ற வெள்ளைக் கட்டையில் வையுங்கள். நடுவிலுள்ள மூன்று விரல்களும் அடுத்து வரும் மூன்று கறுப்புக் கட்டைகள்மேல் இருக்கட்டும். சுண்டுவிரல் அவற்றை ஒட்டிய பி வெள்ளைக் கட்டையில். நீள விரல்களுக்கு உயர்ந்த கட்டைகள், குட்டை விரல்களுக்குத் தாழ்ந்தவை. கை தானாகவே தளர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். ஷோபின் பாடத்தை இங்கிருந்துதான் தொடங்குவார். கறுப்புக் கட்டையே இல்லாத சி மேஜர் ஸ்வர வரிசை பார்வைக்குத்தான் சுலபம், கைக்குக் கடினம் என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். எல்லா விரல்களையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவருவது அன்று பலருடைய பயிற்சியாக இருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் தனிக் குரல் இருக்கிறது, அதைக் கெடுக்காதே என்பது இவர் கட்சி.

தாளத்தை இஷ்டத்துக்கு இழுத்து, உருகி வாசிப்பதுதான் ஷோபின் என்று இன்றும் பலர் வாசிக்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. இடது கை வாத்தியக் குழுவை நடத்தும் கண்டக்டர் மாதிரி, அது அசையக்கூடாது என்று சொன்னவர் அவர். அவர் பியானோமேல் தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோம் எப்போதும் இருந்ததென்று மாணவர் மிகுலி எழுதியிருக்கிறார். வலது கை சற்றே பிந்தலாம், முந்தலாம்; பாடகர் அப்படித்தானே பாடுகிறார்.

இனி அவருடைய ஈ மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ படைப்பு. ஒப்பஸ் 28 என்ற தொகுப்பில் நான்காவது. மொத்தம் 25 பார்கள், அதாவது தாளக் கட்டங்கள், இரண்டு நிமிடத்தைச் சுற்றித்தான் ஓடும். முதல் மூன்று பார்களில் வலது கை பி, அதற்கு அரை ஸ்வரம் மேலே சி, இந்த இரண்டை விட்டு நகர்வதே இல்லை. நீளமாக ஒரு பி, குட்டையாக ஒரு சி, மறுபடி பி. அடியில் இடது கை கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் மூன்று ஸ்வரங்களை, மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்கும், பிறகு இன்னொன்று இறங்கும். முதலில் ஈ மைனர் கார்டுக்குள் நிம்மதியாக இருந்த அதே பி, கொஞ்சம் கழித்து அடியிலிருப்பதோடு உரசுகிறது. ஒலி தேய்ந்துகொண்டிருக்கும்போதே அதன் பொருள் மாறிவிடுகிறது. சுருதி அடியில் நிற்க, மேலே ராகம் நகர்ந்துதான் உங்கள் காதுக்குப் பழக்கம். இங்கே மேலே ஸ்வரம் நிற்கிறது, காலடித் தரை நகர்கிறது. நீங்கள் கேட்ட வழுக்கல் இங்கே இருக்கிறது, எம். வலது கையில் தேடியதால்தான் கிடைக்கவில்லை.

இதைக் கேட்க எந்தக் கதையும் வேண்டியதில்லை. நோயும் பிரிவும் உண்மைதான். 1830 நவம்பர் 2 அன்று, இருபது வயதில், போலந்தின் வார்சாவை விட்டுக் கிளம்பினார். அந்த மாத முடிவிலேயே அங்கே ரஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுச்சி வெடித்தது, அடுத்த ஆண்டு நசுக்கப்பட்டது. அவர் திரும்பவே இல்லை. 1849-இல், 39 வயதில், பாரிஸில் இறந்த பிறகு அக்கா லுட்விகா அவர் இதயத்தை மட்டும் வார்சாவுக்கு எடுத்துப்போனார். இன்றும் அது அங்கே திருச்சிலுவை தேவாலயத்தின் தூணுக்குள் இருக்கிறது. படிக்கும்போது தொண்டை அடைக்கிறது. ஆனால் துயரப்பட்டவர்கள் எத்தனையோ பேர். இடது கையின் அந்த இறக்கத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவர். கதையைக் கேட்டுவிட்டு இசைக்கு வருபவர்கள் அழுகையை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் அந்த இசையைப் பூக்களுக்குள் புதைத்த பீரங்கிகள் என்றார். போலந்து நடனத்தை வைத்து அவர் எழுதிய மசூர்காக்களைக் கேட்டால் அது புரியும்.

ஷோபினின் கடைசி நாட்களில் தோழி டெல்ஃபினா பொடோட்ஸ்கா பார்க்க வந்தபோது, பியானோவைப் படுக்கையறை வாசலுக்கு நகர்த்தச் சொல்லி அவரைப் பாடச் சொன்னார். பாட்டுத்தான் கேட்டார்.

பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் அவர் இறுதிச் சடங்கின்போது இதே ஈ மைனர் பிரெலூட்டை ஆர்கனில் வாசித்தார்கள். ஆர்கனில் கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி குறையாது. அந்தப் பி அங்கே தேயாமல் நின்றிருக்கும். நீங்கள் பியானோவிலேயே கேளுங்கள், இரவில், ஹெட்போனில். கடைசி மூன்று கார்டுகளுக்கு முன்னால் ஒரு மௌனம் வரும். பாட்டு நின்றுவிட்டதென்று எழுந்துவிடாதீர்கள்.