கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத் தனியார் காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: அரசு இருக்கும்போது தனியார் தங்கக் காசு அடித்தது கள்ளக் காசு ஆகாதா?

பதில்: ஆகாது. கொலோமாவில் தங்கம் கிடைத்தது 1848 ஜனவரியில். சான் பிரான்சிஸ்கோவில் அரசு நாணயச்சாலை திறந்ததோ 1854இல். அதுவரை தங்கத்தூளைக் கிள்ளிக் கொடுத்தே வியாபாரம் நடந்ததால், மோஃபாட், பால்ட்வின், வாஸ் மோலிட்டர் எனப் பலர் காசு அடித்தார்கள். தடைச் சட்டம் 1864இல்தான் வந்தது.

கேள்வி: சார், அமெரிக்க அரசின் தங்க மாற்றுப் பரிசோதகராக இருந்த ஹம்பர்ட் பெயரில் வந்த 1851 ஆம் ஆண்டு 50 டாலர் எண்கோணக் காசு ஒன்று விலைக்கு வருகிறது. '880 தவ்ஸ்' (ஆயிரத்தில் 880 பங்கு தங்கம்) என்று பொறித்திருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: முதல் சல்லடையாகச் செய்யலாம். 50 டாலருக்கு 75.2 கிராம் சுத்தத் தங்கம் வேண்டும். 880 மாற்றில் மொத்த எடை சுமார் 85.5 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசில் முதலில் காசை மட்டும் நிறுங்கள். பிறகு தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, மெல்லிய நூலில் காசைத் தொங்கவிட்டு முழுக்க அமிழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. பட்டால் காசின் எடையும் சேர்ந்துவிடும். இப்போது தராசு 4.9 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி 17.5 அளவில் வரும். காசில் ஒட்டிய காற்றுக் குமிழி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், தூரிகையால் தட்டிவிடுங்கள். தேய்ந்த காசில் எடை குறையும், அடர்த்தி மாறாது. முலாம் பூசிய ஈயம் 11 பக்கம்தான் நிற்கும். ஆனால் டங்ஸ்டன் தங்கத்தின் அடர்த்திக்கு மிக நெருங்கியது. அதனால் இதில் தேறியதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்; காசுகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. சான்று அவசியம். சான்று எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் பாருங்கள், ஏனென்றால் அவர்கள் காசை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டியிலும் போலி உண்டு.

கேள்வி: நிறம் வெளிறி, லேசாகப் பச்சை ஓடுகிறதே?

பதில்: நல்ல அறிகுறி. அங்கே வெள்ளியைப் பிரிக்கும் அமிலம் போதுமான அளவு கிடைக்கவில்லை. மண்ணிலிருந்து வந்த வெள்ளி தங்கத்திலேயே தங்கிவிட்டது. 1851 ஹம்பர்ட் செம்பு நிறத்தில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: பின்பக்கம் கரடி போட்ட குட்டிக் கால் டாலர்?

பதில்: மதிப்பு எழுத்து இல்லாமல் கரடி மட்டும் இருந்தால் நினைவுப் பொருள். இவ்வளவு சிறியதற்குத் தண்ணீர்ச் சோதனையும் உதவாது, 0.01 கிராம் தராசு தடுமாறும்.

கேள்வி: பால்ட்வின் காசில் தங்கம் குறைவாமே, பிறகு ஏன் அவ்வளவு விலை?

பதில்: அதனாலேயேதான். 1851இல் குறை அம்பலமானதும் வியாபாரிகள் வாங்க மறுத்தார்கள். பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியவை சொற்பம். குதிரைவீரன் பொறித்த 1850ஆம் ஆண்டு 10 டாலர்தான் என் கணக்கில் இந்த வரிசையிலேயே அழகானது.

கேள்வி: 1855 கெல்லாக் நிறுவனத்தின் 50 டாலர், புத்தம் புதிதாக மின்னுகிறது. வாங்கலாமா?

பதில்: கழுகின் மேலுள்ள நாடாவைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். அசலில் '1309 கிரெய்ன் (எடை), 887 (மாற்று)' என்ற பொருளில் குறிப்பு இருக்கும். 'எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா' என்றிருந்தால், 1857இல் மூழ்கிய அந்தக் கப்பலின் தங்கத்தில் 2001இல் அடித்த மறுபதிப்பு. தங்கம் அசல்தான், விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.