கண்ணாடி பீரோவைப் படுக்க வைத்து ஏற்றலாமா?

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து மதுரைக்குக் கண்ணாடி பீரோவைப் படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படியில் சாய்த்து இறக்கலாம், ஆனால் வண்டியில் நிமிர்த்தியே வையுங்கள். டிரைவர் கேபினை ஒட்டிய சுவரில் முதுகு படட்டும், கண்ணாடிப் பக்கம் மெத்தையை நிறுத்திக் கயிற்றால் இறுக்குங்கள்.

அதற்கு முன் லாக்கர் உட்பட எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். துணிதானே என்று விட்டால் தூக்குகிறவர்கள் திட்டுவார்கள், நியாயம்தான். கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் பையில் போடுங்கள். கண்ணாடியில் குறுக்காக டேப் ஒட்டுவது உடையாமலிருக்க அல்ல, உடைந்தால் சில்லு சிதறாமலிருக்க. அதன்மேல் அட்டையும் போர்வையும் கட்டாயம்.

புது வீட்டில் கதவு சரியாக மூடாவிட்டால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் தரை மட்டம்தான் காரணம். தாழ்ந்த காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துப் பாருங்கள்.