மாரடைப்பு என்றால் உடனே ஆக்சிஜன் தேவையா?

மாரடைப்பு வந்த எல்லோருக்கும் ஆக்சிஜன் கொடுக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் வேண்டியதில்லை. மூச்சு போதாமல் அல்ல, தமனி அடைபட்டு ரத்தம் வந்து சேராமல்தான் இதயத் தசை சாகிறது. ரத்தத்தில் போதிய ஆக்சிஜன் இருக்கும்போது மேலும் ஊட்டினால் இதயத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்கவும் கூடும்.

எல்லோருக்கும் ஆக்சிஜன் கொடுக்கும் பல்லாண்டு வழக்கத்தையே சோதித்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். மாரடைப்பு இருக்கலாம் என்று வந்த 6,629 பேர். எல்லோருக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தது. குலுக்கல் முறையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முகமூடி வழியே ஆக்சிஜன், மற்றவர்களுக்கு வெறும் அறைக்காற்று. 2017இல் முடிவு வந்தது: ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஆக்சிஜன் பெற்றவர்களில் 5.0 சதவீதம், மற்றவர்களில் 5.1 சதவீதம். வேறுபாடே இல்லை!

செறிவு 90க்குக் கீழே இறங்கினால் கதை வேறு. அப்போது ஆக்சிஜன் கொடுத்தே ஆக வேண்டும். மற்றபடி, ஒவ்வொரு நிமிடமும் அடைப்பைத் திறப்பதற்கே உரியது.